பொது ஏரி, பொதுக் கிணறு: பழுதுச் செலவில் அயலார் பங்கு

நவரை அறுவடை முடிந்து, சித்திரை வெயிலில் கிணற்று நீர் அடிமட்டத்துக்கு இறங்கும் காலத்திலேதான் பொதுச் சொத்தின் குறைகள் கண்ணுக்குப் புலப்படும். கிணற்றுக் கட்டடம் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். கால்வாயில் கோரையும் காட்டாமணக்கும் மண்டியிருக்கும். ஏரிக்கரையில் சென்ற ஐப்பசி மழை அரித்த பள்ளங்கள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் சொர்ணவாரிக்கு நீர் வேண்டுவோர் இவற்றை உடனே சீர்செய்தாக வேண்டும். அண்டை அயலாரிடையே வருஷந்தோறும் மூளும் சச்சரவுகளுள் பல இந்த மாதங்களிலேயே வித்திடப்படுகின்றன.

சச்சரவின் வரலாறு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஒரு கிணற்றில் நால்வர் பங்குடையவர். மோட்டார் எரிந்துபோகிறது, அல்லது கட்டடம் சரிகிறது. நால்வருள் பயிர் அதிகம் வைத்தவரோ, பொறுமை குறைந்தவரோ தம் கைப்பணத்தைப் போட்டு வேலையை முடிக்கிறார். நீர் வந்ததும் நால்வரும் பாய்ச்சுகின்றனர். பின்பு செலவுச் சீட்டை எடுத்துக்கொண்டு மற்ற மூவர் வீட்டுத் திண்ணைக்கும் அவர் போகிறார். அங்கே அவருக்குக் கிடைக்கும் விடை, "உம்மை யார் செய்யச் சொன்னது?" என்பதே. அன்று தொடங்கிய பகை வரப்புத் தகராறாகவும், வழிப்பாதைத் தகராறாகவும் வளர்ந்து, செலவான தொகையைப்போல் பன்மடங்கை விழுங்கிவிடுகிறது.

பணம் கொடாதவரையே ஊரார் குறை கூறுவது வழக்கம். அது முற்றிலும் நியாயமன்று. நீரை அனுபவித்துவிட்டுப் பங்கு கொடாதவர் குற்றவாளியே; எனினும் கேளாமல் செலவிட்டுப் பின்னர்க் கேட்பவரிடத்திலும் பாதிப் பிழை உண்டு. அயலார் பங்கு என்பது வேலை முடிந்த பின்பு துரத்தி வசூலிக்கும் கடனாக இருத்தலாகாது. வேலைக்கு முன்பே ஒதுக்கி வைக்கும் பங்காக இருத்தல் வேண்டும். இதுவே குடியானவர்களும் கிராமாதிகாரிகளும் மனத்திற் கொள்ளத்தக்கது.

களத்தில் ஒதுக்கிய பங்கு

முன்னோர் இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தனர். 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்ட் என்பவர் செங்கற்பட்டு ஜாகீரின் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்கள் அந்த ஜாகீரில் அடங்கியிருந்தவையே. அக்கணக்குகளிலிருந்து தெரியவருவது யாதெனில், விளைந்த நெல் பங்காளிகளின் வீடுகளுக்குப் போகுமுன் களத்திலேயே பல பொதுக் காரியங்களுக்கென ஒதுக்கப்பட்டது. அவற்றுள் ஏரிக்குரிய பாகமும் ஒன்று. ஏரியின் பராமரிப்புக்கு ஒருவரையொருவர் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் மறுக்கவும் இடமில்லை. கொடுக்க வேண்டியது குவியலிலிருந்தே எடுக்கப்பட்டது. நல்ல விளைச்சலில் ஒதுக்கீடு மிகுந்தது. விளைச்சல் குன்றினால் அதுவும் குன்றியது. ஆகையால் எவர்க்கும் பாரமாகத் தோன்றவில்லை.

இதைவிடப் பழைய சான்றும் அருகிலேயே உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதியைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மறுபடி அப்பதவிக்கு வருதல் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. பொதுச் செலவில் மக்கள் பங்கு கொடுக்க வேண்டுமாயின், செலவிடுவோர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் நீதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்டுவிட்டது. இன்று பங்கு கேட்பவருள் எத்தனை பேர் செலவுச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கின்றனர்?

சட்டம் கொடுத்த கோல்

களத்தில் ஒதுக்கும் வழக்கம் குலைந்தபின் அரசாங்கம் சட்டத்தைத் துணைக்கு அழைத்தது. சென்னை மாகாணத்துக்கென 1858-இல் பிறந்த முதலாவது சட்டம் குடிமராமத்தைப் பற்றிப் பேசியது. நீர்ப்பாசன வேலை எதுவும் ஊர் வழக்கப்படி குடிகள் கூட்டாகச் செய்வதாயிருந்து, தாசில்தார் முதலிய மேலதிகாரியின் உத்தரவின்பேரில் கிராமத் தலைவர் அழைத்தும் தக்க காரணமின்றி ஒருவர் வாரா விட்டால், அவர் கொடுக்க வேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும். அத்தொகை நிலவரிப் பாக்கியைப்போல் வசூலிக்கப்படலாம் என்று அச்சட்டம் கூறிற்று.

குடிமராமத்து என்றால் எவை என்பதிலும் மயக்கமில்லை. கரையில் மழை அரித்த பள்ளங்களை அடைத்தல், கரைமேல் வளரும் புதர்களை வெட்டுதல், மதகு வாயிலும் கால்வாய்களிலும் தூர் எடுத்தல், வெள்ள காலத்தில் கரையைக் காத்தல் ஆகியவை குடிகளின் பொறுப்பு. மதகும் கலங்கலும் போன்ற கட்டட வேலைகள் அரசாங்கத்தின் பொறுப்பு.

இருமடங்கு அபராதம் என்னும் கோல் கையில் இருந்தும் அச்சட்டம் அதிகமாகப் பிரயோகத்துக்கு வரவில்லை. அதன் காரணம் ஆராயத்தக்கது. வழக்கம் உண்டு என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அவரவர் பங்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும். உத்தரவு பெற்று அழைத்ததையும் காட்ட வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லாத ஊரில் இம்மூன்றும் எளிதல்ல. தண்டனை பலமாயிருந்தும் சான்று பலவீனமாயிருந்தது. இன்றைய கிணற்று வழக்குகளும் இதே இடத்தில்தான் இடறி விழுகின்றன.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் குடிமராமத்து நடத்தவும் அதன்பொருட்டுக் கட்டணம் விதிக்கவும் கிராம ஊராட்சிக்கு விதிகளுக்குட்பட்டு இடமளிக்கும் பிரிவு உண்டு. 2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் குடிமராமத்து என்னும் பழைய பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, வேலை மதிப்பில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அளிக்கும்படி வகுத்தது. ஒன்பது பங்கை அரசு ஏற்றாலும் மீதி ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அது எப்போதும் அயலார் இருவருக்கு இடையிலுள்ள கேள்வியே.

1894-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

எழுத்து உடன்படிக்கை இல்லாதபோது பங்கு கேட்க வழியே இல்லையா? உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. ஒருவர் மற்றொருவருக்காக ஒரு காரியத்தை நியாயமான முறையில் செய்து, அதனை இனாமாகச் செய்யும் எண்ணம் இல்லாதவராயிருந்து, மற்றவர் அதன் பயனை அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம்.

இப்பிரிவு ஓர் ஏரி விஷயத்திலேயே சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. தாமோதர முதலியாருக்கும் இந்தியா மந்திரிக்கும் இடையே நடந்த அவ்வழக்கில் 1894-இல் தீர்ப்பாயிற்று. ஓர் ஏரியிலிருந்து சில ஜமீன் கிராமங்களும் சில அரசாங்கக் கிராமங்களும் நீர் பெற்றுவந்தன. ஏரி அழியாமலிருக்க அவசியமான பழுதுவேலைகளை அரசாங்கம் செய்தது. ஜமீன்தார்கள் அவ்வேலையின் பயனை அனுபவித்தனர்; செலவில் பங்கு தரவில்லை. ஜமீன்தார்களுக்கு இனாமாகச் செய்யும் எண்ணம் அரசாங்கத்துக்கு இருக்கவில்லை என்று கண்ட நீதிமன்றம், அவர்கள் தங்கள் பங்கைச் செலுத்தக் கடமைப்பட்டவர்கள் என்று தீர்த்தது. ஜமீன் முறை ஒழிந்துவிட்டது. ஆனால் அத்தீர்ப்பின் நியாயம் ஒழியவில்லை. அரசாங்கத்துக்கும் ஜமீனுக்கும் பொருந்திய நீதி மேற்குக் கழனிக்காரருக்கும் கிழக்குக் கழனிக்காரருக்கும் பொருந்தும்.

எனினும் இத்தீர்ப்பைக் கேட்டவுடன், இனி எதைச் செய்தாலும் பணம் வந்துவிடும் என்று ஒருவரும் மகிழ்ந்துவிடலாகாது. 1961-இல் உச்சநீதிமன்றம், மேற்கு வங்க அரசுக்கும் பி. கே. மண்டல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், இப்பிரிவின் மூன்று நிபந்தனைகளையும் தெளிவாக்கியது. பயனை ஏற்பதோ மறுப்பதோ மற்றவருடைய உரிமை. ஏற்று அனுபவித்தாலே அவர்மேல் கடமை பிறக்கும். கடையில் வாங்கிய பொருளாயின் வேண்டாமென்று திருப்பிவிடலாம். சரிந்த கிணற்றைக் கட்டிய பின் அந்தக் கட்டடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது. "எனக்கு வேண்டாம் என்று அன்றே சொல்லியிருப்பேன், என்னைக் கேட்கவே இல்லை" என்று மற்றவர் சொல்லும்போது அதற்கு விடை வேண்டும். வேலைக்கு முன் கேட்டதற்குச் சான்று இருந்தால் விடை உண்டு. இல்லையேல் வழக்கின் முடிவு சந்தேகமே.

கிணற்றில் பாத்தியமும் நீர் எடுக்கும் உரிமையும்

கிணற்றுக்குப் பங்கு கேட்குமுன், கேட்கப்படுபவர் எத்தகைய உரிமை உடையவர் என்பதை அறிய வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று எழுதப்பட்டிருந்தால் அவர் கூட்டுச் சொந்தக்காரர். அவர் பங்கின் அளவே அவருடைய செலவின் அளவு. பிறர் கிணற்றிலிருந்து இத்தனை நாளைக்கு ஒருமுறை நீர் எடுக்கும் வசதியுரிமை மட்டும் உடையவர் வேறு வகையினர். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, அவ்வுரிமையை அனுபவிக்கவோ காக்கவோ அவசியமான வேலையின் செலவு உரிமையை அனுபவிப்பவரையே சாரும். அதாவது அவருடைய கழனிக்குப் போகும் கால்வாயைக் கிணற்றுக்காரர் தூர் எடுத்துத் தர வேண்டியதில்லை. இந்த வேற்றுமையை அறியாமல் எழும் வழக்குகள் மிகப் பல. பத்திரத்தை ஒருமுறை வாசித்தால் தீரும் விஷயத்துக்கு ஆறு மாதம் பேசாமலிருப்போர் உண்டு.

அடுத்து, எது பழுது, எது பெருக்கம் என்று பிரிக்க வேண்டும். ஓர் உதாரணம் கொள்க. ஒரு கிணற்றில் ஒருவர்க்கு நாலில் இரண்டு பங்கும், மற்ற இருவர்க்கும் நாலில் ஒவ்வொரு பங்கும் இருக்கின்றன. கட்டடத்தைச் சீர்செய்ய 48,000 ரூபாய் ஆகிறது. முதல்வர் 24,000 ரூபாயும் மற்ற இருவர் தலா 12,000 ரூபாயும் தர வேண்டும். அதே சமயத்தில் முதல்வர் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாரை வைத்தாரெனில், அதிகப்படியான விலையை மற்றவர்மேல் ஏற்றுதல் நியாயமன்று. அது பழுதன்று, அவருடைய விருப்பம். பங்கு கேட்பவர் பலர் பழுதையும் விருப்பத்தையும் ஒரே சீட்டில் எழுதிவிடுவதால், நியாயமான தொகையும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

மறுப்புகளும் அவற்றுக்கு மறுமொழியும்

பங்கு தர மறுப்போர் கூறும் காரணங்கள் சிலவே. அவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நன்று.

"இந்தப் போகம் நான் பயிரே வைக்கவில்லை" என்பார் ஒருவர். கட்டடம், தூர், கரை ஆகியவை சொத்தின் உடலைச் சேர்ந்தவை. அவற்றின் செலவு உடைமைப் பங்கின்படி வரும். பயிர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் கிணறு சரிந்தால் அவர் நிலத்தின் மதிப்பே குறையும். ஆனால் மோட்டார் தேய்மானம், பெல்ட், வால்வு போன்ற நடைமுறைச் செலவுகளை ஓட்டியவர்கள் ஓட்டிய மணிக்கணக்கின்படி ஏற்பதே நீதி. உடைமைச் செலவும் உபயோகச் செலவும் வேறு வேறு என்று முன்பே எழுதிவைத்தால் இம்மறுப்புக்கு இடமில்லை.

"நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன், குத்தகைதாரரைக் கேளுங்கள்" என்பார் மற்றொருவர். பல ஆண்டு நிலைக்கும் வேலைக்கு நிலக்காரரும், அந்தப் போகத்துக்கு மட்டும் பயன்படும் வேலைக்குக் குத்தகைதாரரும் பொறுப்பேற்பதே தகும். குத்தகைச் சீட்டில் இதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

"இத்தனை ரூபாய் ஆகாது, மேஸ்திரியோடு சேர்ந்து விலையேற்றிவிட்டார்" என்பது மூன்றாவது. வேலைக்கு முன் இருவரிடமோ மூவரிடமோ விலை கேட்டு, எல்லாப் பங்காளிகளுக்கும் காட்டியிருந்தால் இப்பேச்சு எழாது.

"கையில் பணமில்லை" என்பது நான்காவது. இது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அப்படியானால் உழைப்பாக வாங்கலாம். மண் சுமப்பதும் கல் தூக்குவதும் பணத்துக்கு நிகரே. அல்லது அறுவடை வரை தவணை கொடுக்கலாம். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தி, ஏழைப் பங்காளியை அவமதித்து வாங்கும் பணம் ஊருக்கு நன்மை தராது.

கேட்கும் முறை

வேலை தொடங்குமுன் பங்காளிகளை ஓரிடத்தில் கூட்டி, பழுதைக் கண்ணால் காணச் செய்க. சரிந்த இடத்தைப் படம் பிடித்து வைக்க; கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. உத்தேசச் செலவையும், ஒவ்வொருவர் பங்கையும், பணம் தரவேண்டிய தேதியையும் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுக. வாராதவர்க்கு அத்தாளின் நகலை ஒப்புகையோடு கூடிய தபாலில் அனுப்புக. சென்னையிலோ வெளியூரிலோ வசிக்கும் பங்காளிகளுக்கு இது மிகவும் அவசியம். அவர்கள் பிற்காலத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லாதபடி அது காக்கும். பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுக்க. கரை உடையும் தறுவாயில் வெள்ளம் நிற்கும்போது அவகாசத்துக்கு இடமில்லை. அப்போது ஊரார் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குக.

வேலை நடக்கும்போது ஒவ்வொரு சீட்டையும் சேர்த்து வைக்க. முடிந்தபின் மொத்தக் கணக்கைப் பொது இடத்தில் வாசிக்க. பணம் தராதவரிடம் ஒருமுறை நேரிலும் ஒருமுறை எழுத்திலும் கேட்க. அதன்பின்பும் தராவிட்டால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அமைந்துள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுச் செய்து, மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அங்கே இருவரும் சம்மதித்து ஏற்கும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப்போன்ற வலிமை உடையது; அதன்மேல் அப்பீல் இல்லை. அதுவும் பயனற்றால் வழக்கு. அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு உண்டு என்பதை மறத்தலாகாது. கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு மற்றவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்று முதல் புதிய கெடு தொடங்கும். "பங்காளிதானே, எங்கே போகிறார்" என்று நான்காண்டு காத்திருந்து பின்பு வக்கீலைத் தேடுவோர் நியாயம் இருந்தும் தோற்பர்.

செய்யத்தகாத ஒன்றும் உண்டு. பங்கு தராதவருடைய நீரை அடைத்தல், ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டுதல், கால்வாயை வெட்டிவிடுதல் ஆகியவை பணத்தைக் கொண்டுவாரா. மற்றவர் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போவார். அதுவரை நியாயம் உடையவராயிருந்தவர் அன்று முதல் குற்றம் சாட்டப்பட்டவராவார். மேலும் கதிர் பிடிக்கும் சமயத்தில் காய்ந்த பயிரிலிருந்து யாரும் பங்கு வசூலிக்க முடியாது. கடன்பட்டவன் பயிர் விளைந்தால்தான் கடன் கொடுத்தவனுக்குப் பணம்.

தொழிற்பேட்டை வந்த ஊர்களில்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும், தேர்வாய் கண்டிகைப் பக்கத்திலும் இந்தப் பிரச்சினை வேறொரு வடிவம் கொண்டுள்ளது. ஆயக்கட்டு நிலங்கள் ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் மனைகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆயக்கட்டுக் குறைகிறது; ஏரிக்கரையின் நீளம் குறைவதில்லை. நூறு ஏக்கர்க்காரர்கள் சுமந்த கரையை இனி அறுபது ஏக்கர்க்காரர்கள் சுமக்க வேண்டியதாகிறது. எஞ்சியவர்களும் சலித்துக் கைவிட்டால் கரை யாருடையதும் அல்லாததாகும். "ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை" என்று ஊரார் சொல்வது இதைத்தான்.

நிலத்தை வாங்கியவரிடம் பங்கு கேட்கலாமா? நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாசன நீரே கொள்ளாத கிடங்குக்காரரிடம் மதகுக்கும் பாசனக் கால்வாய்க்கும் பங்கு கேட்பது சட்டத்தில் நிற்பது அரிது. அவர் அந்தப் பயனை அனுபவிக்கவில்லை. ஆனால் அவருடைய மனையில் விழும் மழைநீர் எந்தக் கால்வாய் வழியாக வடிகிறதோ, அந்தக் கால்வாயின் தூர்ச் செலவில் பங்கு கேட்பதற்கு வலுவான நியாயம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த இப்பகுதியில், வடிகால் அடைபட்டால் முதலில் முழுகுவது தாழ்ந்த இடத்துச் சுவர்களே என்பதை ஒருவர்க்கும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. வடிகாலுக்கென்று தனிக் கணக்கும், பாசனத்துக்கென்று தனிக் கணக்கும் வைத்துக்கொண்டு கேட்டால் ஆலைக்காரரும் மறுப்பது கடினம்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நீர்வளப் பாதுகாப்பும் அப்பணிகளுள் ஒன்று. இதைக் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. ஆயினும் அது கொடை. அயலாருக்குரிய பங்கு அன்று. கொடை ஓராண்டு வரும், மறு ஆண்டு வேறு ஊருக்குப் போகும். கொடையை நம்பித் தங்கள் பங்கைக் கைவிட்ட ஆயக்கட்டுதாரர்கள் இரண்டையும் இழப்பர்.

மீண்டும் களத்துக்கு

இவ்வளவு சட்டத்தையும் முறையையும் சொன்ன பின்பும், முதலில் கூறியதே முடிவாகவும் நிற்கிறது. வசூலிக்க வேண்டிய நிலைமை வாராதபடி செய்வதே சிறந்த வசூல். களத்தில் நெல் ஒதுக்கும் காலம் போய்விட்டது; நெல் இப்போது கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, பணம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அந்தப் பணம் வந்த வாரத்திலேயே ஒரு சிறு தொகையை ஏக்கர்க் கணக்கில் ஒதுக்கிவைக்கக் குடிகள் பழக வேண்டும்.

ஒரு கால்வாயில் முப்பது ஏக்கர் பாய்கிறது என்று கொள்க. போகத்துக்கு ஏக்கருக்கு 200 ரூபாய் வீதம் ஒதுக்கினால் ஒரு போகத்துக்கு 6,000 ரூபாய். இரு போகத்தில் 12,000 ரூபாய். மூன்றாண்டில் 36,000 ரூபாய். ஒருவர்க்கும் நோவில்லாத தொகை இது. இரண்டு பங்காளிகள் கூட்டாகக் கையெழுத்திட்டாலன்றி எடுக்க முடியாதபடி வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ கணக்குத் திறந்துகொள்ளலாம். பழுது நேர்ந்த அன்று எவர் வீட்டுத் திண்ணையிலும் நிற்க வேண்டியதில்லை. தராதவர் ஒருவர் இருந்தால், அவர் பாக்கி சிறிதாயிருக்கும்போதே எல்லோர்க்கும் தெரிந்துவிடும். 12,000 ரூபாய் வேண்டி வழக்காடுவதினும் 600 ரூபாய் வேண்டி நினைவூட்டுவது எளிது.

கிராமாதிகாரிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கூட்டுப் பட்டாவில் யார் யார் பங்குடையவர், அவர்களுடைய விஸ்தீரணம் எவ்வளவு, எந்தக் கிணற்றிலிருந்தும் எந்த மதகிலிருந்தும் பாய்கிறது என்னும் விவரங்கள் அவர்களிடமுள்ள பதிவேடுகளிலிருந்தே பெறத்தக்கவை. கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் கோடைகாலத்தில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு, ஒவ்வொரு பொதுக் கிணற்றுக்கும் ஒவ்வொரு கால்வாய்க்கும் பங்குப் பட்டியல் ஒன்று எழுத உதவினால், ஐந்தாண்டுகளில் எழக்கூடிய பல வழக்குகளை அன்றே தீர்த்தவராவார். ஊராட்சித் தலைவர் அப்பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கச் செய்தால் அதற்கு வழக்கத்தின் வலிமையும் சேரும். 1858-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கிடைக்காத சான்று அதுவே.

அயலார் பங்கைக் கேட்பதில் வெட்கமில்லை. கொடுப்பதில் தாழ்வும் இல்லை. கேளாமல் செய்து பின்பு சினப்பதும், அனுபவித்துவிட்டுப் பின்பு மறுப்பதும் ஆகிய இரண்டுமே கிணற்றைத் தூர்ப்பவை. ஐப்பசி மழைக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. கரையில் முதற்கூடை மண்ணைக் கொட்டுமுன் தாளில் முதல் வரியை எழுதுவோர், கரையையும் காப்பர், அண்டை வீட்டு நட்பையும் காப்பர்.